ஃபாரஸ்ட் என்ற சொல்லின் பூர்வீகம்: ஒரு சொல்லின் வேரை நீங்களே தேடிப் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சத்தியமங்கலம் மலையடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் ஒருமுறை வழி கேட்டேன். "இந்தக் காட்டைத் தாண்டிப் போங்க தம்பி. அங்க கல்லு நட்டிருக்கும் பாருங்க, அதுக்கு அந்தப் பக்கம் ஃபாரஸ்ட்டு. உள்ள போயிடாதீங்க" என்றார். அவர் காடு என்று காட்டியது சோளம் அறுத்து முடித்த மானாவாரி நிலம். கொங்கு நாட்டில் காடு என்றால் அதுதான். கல்லுக்கு இந்தப் பக்கமும் வேலமரம், அந்தப் பக்கமும் வேலமரம். ஆனால் அவருக்கு ஒரு பக்கம் காடு, மறுபக்கம் ஃபாரஸ்ட்.

அப்போது அதைப் பேச்சுவழக்கு என்று நினைத்துக் கடந்துவிட்டேன். பிறகு அந்த ஆங்கிலச் சொல்லின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அந்தச் சொல் பிறந்தபோது இருந்த பொருளிலேயே அவர் அதைச் சொல்லியிருக்கிறார் என்று. மரம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றிய சொல் அல்ல அது. எல்லைக்கல்லைப் பற்றிய சொல்.

ஒரு சொல்லின் மூலத்தைத் தேட ஆசைப்படுகிறவர்களுக்கு ஃபாரஸ்ட் நல்ல பயிற்சிக் களம். கிடைக்கும் சான்றுகள் தெளிவானவை, வழியில் தவறான திருப்பங்களும் இருக்கின்றன. அந்த ஒரு சொல்லை வைத்தே முழு வேலையையும் படிப்படியாகச் செய்து பார்ப்போம்.

படி 1: இன்றைய பொருளோடு ஒட்டாத இடங்களைத் தேடுங்கள்

பெரும்பாலோர் எடுத்த உடனே "இது எந்த மொழிச் சொல்?" என்று கேட்டுவிடுகிறார்கள். அதற்கு முன்னால், இன்று அந்தச் சொல் எங்கெல்லாம் வழக்கமான பொருளுக்குப் பொருந்தாமல் நிற்கிறது என்று பாருங்கள். பழைய பொருள் அந்த மாதிரி இடங்களில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்ட்மூர் என்ற மேட்டு நிலம் இருக்கிறது. புல்லும் புதரும் கருங்கல் பாறையும்தான் அங்கே அதிகம், மரம் குறைவு. ஆனாலும் அதன் நடுப்பகுதிக்கு 'ஃபாரஸ்ட் ஆஃப் டார்ட்மூர்' என்றுதான் பெயர். இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள 'ஃபாரஸ்ட் ஆஃப் போலண்ட்' (Bowland) பெரும்பாலும் வெட்டவெளி. ஸ்காட்லாந்து மலைகளில் 'டியர் ஃபாரஸ்ட்' என்பார்கள். மான் வேட்டைக்கான அந்த நிலங்களில் பலவற்றில் பெயருக்குக்கூட மரம் கிடையாது.

சட்டப் புத்தகங்களிலும் ஒரு தடயம் உண்டு. மரம் நடுவதை இன்று 'அஃபாரஸ்டேஷன்' என்கிறோம். இடைக்கால இங்கிலாந்தில் அதற்குப் பொருளே வேறு. ஒரு நிலத்தை அரசரின் வனச் சட்டத்துக்குள் கொண்டுவருவதுதான் 'அஃபாரஸ்ட்' செய்வது. அதிலிருந்து விடுவிப்பது 'டிஸ்அஃபாரஸ்ட்'. இரண்டுக்கும் கோடரியும் வேண்டாம், மண்வெட்டியும் வேண்டாம். அரசரின் ஆணை போதும்.

இந்த இடத்தில் நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: "மரமில்லாத ஃபாரஸ்ட் இருந்திருக்கிறது. மூலத்தில் மரம் இல்லாமல் இருக்கலாம்." கடைசிவரை நமக்குத் துணையாக வரப்போவது இந்த வரிதான்.

படி 2: அந்த மொழியில் அது எப்போது நுழைந்தது?

இதற்கு ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி வேண்டும். ஒவ்வொரு சொல்லும் எழுத்தில் முதலில் எங்கே வந்தது என்பதை ஆண்டு வாரியாக மேற்கோளோடு காட்டும் அகராதி அது. பணம் கட்டிப் படிக்க வேண்டியது என்றாலும் பல பல்கலைக்கழக நூலகங்களில் கிடைக்கும். மிச்சிகன் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகத் தரும் இடைக்கால ஆங்கில அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கில எழுத்தில் ஃபாரஸ்ட் ஏறத்தாழ 1300-ஐ ஒட்டித் தெரியத் தொடங்குகிறது. ஆனால் 1066-லேயே, பிரெஞ்சு பேசிய நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்துவிட்டார்கள். 1086-இல் எடுத்த டூம்ஸ்டே நிலக் கணக்கெடுப்பில் 'நோவா ஃபொரெஸ்டா' என்று லத்தீனில் பதிவு இருக்கிறது. இன்றைய நியூ ஃபாரஸ்ட்தான் அது. ஆக, அகராதி காட்டும் ஆண்டு எழுத்துச் சான்றின் ஆண்டு. அந்தச் சொல் மக்கள் காதில் விழுந்தது அதற்கு முன்பாக இருக்கலாம். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு ஆண்டை அப்படியே எழுதிவிடுவது தொடக்கத்தில் எல்லோரும் செய்கிற பிழை.

அதுவரை ஆங்கிலேயர்கள் காட்டை என்னவென்று சொன்னார்கள்? அவர்களிடம் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. 'வுடு' என்பது இன்றைய வுட். 'வெயால்ட்' என்பது ஜெர்மனின் வால்ட்டுக்கு உறவு. ஹோல்ட், ஹர்ஸ்ட், ஷா, குரோவ் என்று மரக்கூட்டத்தின் ஒவ்வொரு வகைக்கும் ஒரு பெயர் இருந்தது. இத்தனை இருந்தும் வெளியிலிருந்து இன்னொரு சொல் வந்து உட்கார்ந்தது என்றால், அது வேறு ஏதோ ஒன்றைச் சொல்ல வந்திருக்க வேண்டும்.

கூடவே வந்த சொற்களைப் பாருங்கள்: கோர்ட், ஜட்ஜ், ப்ரிசன். எல்லாம் நார்மானியரின் பிரெஞ்சு வழியாக வந்த அதிகாரச் சொற்கள். ஃபாரஸ்ட் வந்ததும் அதே கூட்டத்தோடுதான்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த சான்று ஒன்று உண்டு. ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பின் பீட்டர்பரோ கையெழுத்துப் பிரதி, 1087-இல் நார்மானிய அரசர் வில்லியம் இறந்ததைச் சொல்லும் இடத்தில் அவரைப் பற்றிச் சில செய்யுள் வரிகளைத் தருகிறது. கலைமான்களைப் பெற்ற தகப்பனைப் போல நேசித்தார், மானைக் கொன்றவனின் கண்ணைப் பறிக்கச் சட்டம் போட்டார் என்று அதில் வருகிறது. அவர் உருவாக்கிய இடத்துக்கு அந்த ஆங்கிலத் துறவி எழுதிய சொல் ஃபாரஸ்ட் இல்லை. 'தேயோர்ஃப்ரித்' என்கிறார். 'தேயோர்' என்றால் விலங்கு, 'ஃப்ரித்' என்றால் அமைதி, காப்பு. நம் ஊர் வனத்துறைப் பலகைகளில் 'காப்புக்காடு' என்று எழுதியிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். புதிய சொல் வேர்விடும் முன்பே, ஆங்கிலேயர்கள் புதிய சட்டத்தைத் தங்கள் சொல்லால் சரியாகப் பெயரிட்டுவிட்டார்கள்.

படி 3: கடன் கொடுத்த மொழிக்குப் போங்கள்

இன்றைய பிரெஞ்சில் காடு என்பதற்கு 'ஃபொரே' என்பார்கள். எழுதும்போது நடுவிலுள்ள ஓர் எழுத்தின் தலையில் சிறிய கூரை போல ஒரு குறி இருக்கும். அந்தக் கூரைக்கு அடியில் ஒரு 'ஸ்' புதைந்து கிடக்கிறது.

பழைய பிரெஞ்சில் அது 'ஃபொரெஸ்ட்'. மெய்யெழுத்துக்கு முன்னால் வரும் 'ஸ்' ஒலி காலப்போக்கில் அவர்கள் வாயிலிருந்து மறைந்தது. 1740-இல் பிரெஞ்சு அகாதமி தன் அகராதியில் அந்த 'ஸ்'-ஐ நீக்கிவிட்டுக் கூரைக்குறியை நிலைப்படுத்தியது. ஆங்கிலம் கடன் வாங்கியது 'ஸ்' உயிரோடிருந்த காலத்து வடிவத்தை. பெத் என்கிறார்கள் பிரெஞ்சுக்காரர்கள், ஆங்கிலத்தில் பீஸ்ட். அவர்களுக்கு ஃபெத், ஆங்கிலத்துக்கு ஃபீஸ்ட். கோத் என்பது கோஸ்ட், அதாவது கடற்கரை. ஃபொரே என்பது ஃபாரஸ்ட்.

ஒலி ஒரே முறையில் திரும்பத் திரும்ப மாறியிருந்தால் அது சான்று. ஒரே ஒரு சொல்லில் மட்டும் ஒத்துப்போனால் அது தற்செயலாகக்கூட இருக்கலாம். சொல்லாராய்ச்சியில் ஒரே ஒரு விதியை மட்டும் மனப்பாடம் செய்யலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

படி 4: ஆவணங்களில் அது என்ன வேலை செய்தது?

பிரெஞ்சுக்கு முன்னால் இடைக்கால லத்தீன். செவ்வியல் ரோமானியர்கள் காட்டை 'சில்வா' என்றார்கள். 'ஃபொரெஸ்டிஸ்' அவர்களிடம் இல்லை. அது 7-ஆம் நூற்றாண்டில், இன்றைய பெல்ஜியத்தையும் பிரான்ஸையும் சேர்ந்த பகுதிகளை ஆண்ட மெரோவிஞ்சிய அரசர்களின் ஆவணங்களில் தோன்றுகிறது. எல்லாமே அரசரின் நிலம், அரசரின் உரிமை, மடத்துக்கு அரசர் தந்த கொடை பற்றிய பேச்சு.

800-ஐ ஒட்டி, மேற்கு ஐரோப்பாவின் பேரரசரான சார்லமேனின் அரண்மனைப் பண்ணைகளை எப்படி நிர்வகிக்க வேண்டும் என்று ஒரு நீண்ட உத்தரவு எழுதப்பட்டது. அதில் "நம்முடைய சில்வாக்களையும் ஃபொரெஸ்டிஸ்களையும் நன்றாகக் காவல் காக்க வேண்டும்" என்ற கருத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. இரண்டு சொல்லும் அருகருகே நிற்கின்றன. ஒரே பொருள் என்றால் இரண்டையும் எழுதும் தேவை இல்லையே.

இன்னொரு சான்று இதைவிட வலுவானது. அந்தக் கால ஆவணங்களில் ஆற்றிலும் நீர்நிலையிலும் மீன்பிடிக்கும் தனி உரிமையையும் ஃபொரெஸ்டிஸ் என்று எழுதியிருக்கிறார்கள். தண்ணீருக்குள் ஃபாரஸ்ட்! படி 1-இல் எழுதிவைத்த வரியை இப்போது எடுத்துப் பாருங்கள். மற்றவர்கள் கை வைக்கக் கூடாது என்று அரசர் ஒதுக்கிக்கொண்ட இடம், அது மரமோ புல்வெளியோ ஆறோ, ஃபொரெஸ்டிஸ்.

இடைக்கால லத்தீனுக்கு 1678-இல் பிரெஞ்சு அறிஞர் து காஞ் வெளியிட்ட சொற்களஞ்சியம் இன்றும் பயன்படுகிறது, இணையத்திலும் கிடைக்கிறது. லத்தீன் தெரியாவிட்டாலும் பயப்பட வேண்டாம். மேற்கோள்களில் எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் பிடிபடும்.

படி 5: வேரைத் தொடுங்கள்

பெரும்பாலான அகராதிகள் ஃபொரெஸ்டிஸ் என்பதை லத்தீனின் 'ஃபொரிஸ்' என்ற சொல்லோடு இணைக்கின்றன. ஃபொரிஸ் என்றால் வெளியே, வாசலுக்குப் புறத்தே. அதே வேரிலிருந்து வந்த இன்னொரு ஃபொரிஸ் லத்தீனில் கதவைக் குறிக்கும். பொதுவான பயன்பாட்டுக்கு வெளியே நிறுத்திவைக்கப்பட்ட நிலம் ஃபாரஸ்ட்.

இந்த வேர் லத்தீனோடு நிற்கவில்லை. இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் பொது மூதாதை மொழியில் கதவைக் குறித்த சொல், ஏறத்தாழ 'த்வெர்' என்பது போல, அழுத்தமான 'த'-வில் தொடங்கியது. சொல் தொடக்கத்தில் அந்த ஒலி லத்தீனில் 'ஃப' ஆகும். புகையைச் சமஸ்கிருதத்தில் தூமம் என்பார்கள் (தூமகேது என்ற சொல்லில் இருப்பது அதுதான்), லத்தீனில் ஃபூமுஸ். பெர்ஃப்யூம் என்ற சொல்லின் பின்பாதி இந்த ஃபூமுஸ்தான். படி 3-இல் சொன்ன அதே சோதனை, இங்கேயும் தேறுகிறது.

ஆகவே லத்தீனில் ஃபொரிஸ், ஆங்கிலத்தில் டோர், கிரேக்கத்தில் துரா, ரஷ்யனில் த்வேர், சமஸ்கிருதத்தில் த்வாரம். கோயில் கருவறை வாசலில் கதையோடு நிற்கிறாரே துவாரபாலகர், அவர் பெயரின் முதல் பாதியும் ஃபாரஸ்டும் ஒரே வேர். ஹரித்வாரும் அப்படியே. பாரசீகத்தில் கதவு 'தர்'. தர்பார் என்ற சொல்லின் தொடக்கம் அது. கிரேக்கர்கள் கதவு போல நீண்ட ஒரு கேடயத்தை அதே துராவிலிருந்து பெயரிட்டார்கள். அந்தக் கேடயத்தின் சாயலால் கழுத்துச் சுரப்பிக்கு வந்த பெயர் தைராய்டு.

'ஃபொரிஸ்' வழியாக வந்த நேரடிச் சொந்தங்கள் இன்னும் நெருக்கம். ஃபாரின் என்பது வெளியாள், வெளிநாடு. ஃபோரம் என்பது வீட்டுக்கு வெளியே இருந்த திறந்தவெளி, பிறகு சந்தைத் திடல், பிறகு வழக்கு விசாரிக்கும் இடம். அதிலிருந்து ஃபோரென்சிக். இத்தாலியனில் ஃபொரெஸ்தா என்றால் காடு, ஃபொரெஸ்தியேரோ என்றால் அந்நியர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேர் கண்ணுக்கே தெரிகிறது.

ஓர் உறுத்தலையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒலிவிதிப்படி சமஸ்கிருதத்தில் அந்தச் சொல் தூமத்தில் இருக்கும் அழுத்தமான 'த'-வில் தொடங்கியிருக்க வேண்டும். அப்படித் தொடங்கவில்லை. கதவுக்கு இரண்டு பலகை இருப்பதால், இரண்டைக் குறிக்கும் 'த்வ' என்ற சொல்லின் சாயல் ஏறிவிட்டது என்று மொழியறிஞர்கள் விளக்குகிறார்கள். விதி மீறப்பட்டால் அதற்குத் தனியாகக் காரணம் காட்டியாக வேண்டும். காட்ட முடியாதபோது உறவு கொண்டாடக் கூடாது.

படி 6: எதிர்த்தரப்பையும் கேளுங்கள்

ஃபொரிஸ்தான் மூலம் என்பதை எல்லோரும் ஏற்கவில்லை. ஒரு தரப்பு ஜெர்மானிய மூலம் சொல்கிறது. பழைய உயர் ஜெர்மனில் 'ஃபொரஹா' என்றால் ஊசியிலை மரம். அதிலிருந்து ஊசியிலைக் காடு, அதிலிருந்து ஃபாரஸ்ட் என்பது அவர்கள் வாதம். சொல் முதலில் தெரியும் இடம் ஃபிராங்கியர் என்ற ஜெர்மானியக் குலத்தவர் ஆண்ட பகுதி என்பதால் இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் பழைய ஆவணங்களில் மரவகை பற்றிய பேச்சே காணோம். ஆற்று மீனுக்கும் அந்தச் சொல் வருகிறது. இந்த இரண்டையும் அந்த வாதம் விளக்கவில்லை என்பதால் நான் ஃபொரிஸ் பக்கம் நிற்கிறேன்.

இன்னொரு தரப்பு, நீதிமன்றம் என்ற பொருளில் வரும் ஃபோரம்தான் நேரடி மூலம் என்கிறது. அது உண்மையானாலும் கொள்ளுப்பாட்டி மாறப்போவதில்லை. ஃபோரமும் அதே கதவு வேர்தானே.

மூன்றாவது விளக்கம் பழமையானது, அழகானது, தவறானது. 12-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசரின் பொருளாளர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் கருவூல நடைமுறை பற்றி எழுதும்போது, 'ஃபெரா' என்றால் காட்டு விலங்கு, 'ஸ்டாட்டியோ' என்றால் தங்குமிடம், ஆக 'ஃபெரெஸ்டா'தான் 'ஃபொரெஸ்டா' ஆயிற்று என்றார். 1598-இல் வனச் சட்டம் பற்றி நூல் எழுதிய ஜான் மான்வுட்டும் இதையே எடுத்துச் சொன்னார். சொல்லைப் பிய்த்து, ஒவ்வொரு துண்டுக்கும் பொருத்தமான பொருள் கண்டுபிடிக்கும் இந்த முறை நமக்கும் பழக்கமானதுதான். ஒலி மாற்றத்துக்கு வேறு எடுத்துக்காட்டு எதுவும் தராமல், இந்த ஒரு சொல்லுக்காக மட்டும் ஓர் எழுத்தை மாற்றிக்கொள்வது அதன் பலவீனம்.

ஆனால் ஃபிட்ஸ்நீல் வேறொரு இடத்தில், தான் அறியாமலேயே நமக்கு உதவுகிறார். ஃபாரஸ்ட் தொடர்பான குற்றமும் தண்டனையும் நாட்டின் மற்ற நீதிமன்றங்களின் அதிகாரத்துக்கு வெளியே, அரசரின் விருப்பத்தில் மட்டும் இருக்கின்றன என்று எழுதுகிறார். சொல்லின் வேரைத் தவறாகச் சொன்னவர், பொருளைச் சரியாகப் பதிவு செய்துவிட்டார். பழைய நூலாசிரியர்களைப் படிக்கும்போது இந்த இரண்டையும் பிரித்துப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

படி 7: பொருள் இப்படி மாறக்கூடியதுதானா?

'வெளியே' என்ற சொல் எப்படிக் 'காடு' ஆகும்? ஒலிக்குச் சான்று கேட்ட மாதிரி பொருளுக்கும் கேட்க வேண்டும். இதே மாற்றம் வேறு மொழிகளில் தனியாக நடந்திருக்கிறதா என்று தேடுவதுதான் வழி.

நடந்திருக்கிறது. ஆரணிய காண்டம் என்கிறோமே, அந்த அரண்யம் சமஸ்கிருதத்தில் 'அரண' என்ற சொல்லிலிருந்து வந்தது. அரண என்றால் அயலான, தொலைவான. கிராமத்துக்கு வெளியே உள்ள அயல் நிலம் அரண்யம்.

தமிழில் புறம்போக்கு இருக்கிறது. வரி விதிப்புக்குப் புறத்தே போன நிலம். மேய்ச்சல் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, பாதைப் புறம்போக்கு என்று மரமோ நீரோ வழியோ எதுவானாலும், கணக்குக்கு வெளியே இருப்பது ஒன்றே அடையாளம். ஃபொரெஸ்டிஸ் என்பதைத் தமிழில் பெயர்க்கச் சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது புறம்போக்குதான்.

ஆனால் இங்கே நிதானம் தேவை. புறம், ஃபொரிஸ் இரண்டும் ஒலியில் நெருங்கித் தெரிகின்றன என்பதற்காக ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று சொல்லிவிடக் கூடாது. ஃபொரிஸ் பழைய 'த' ஒலியிலிருந்து வந்தது என்று பார்த்தோம். புறம் திராவிடச் சொல், 'ப'-வில் தொடங்குவது. இரண்டு மக்கள் தனித்தனியே ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். உறவுக்காரர்கள் என்பதைவிட இது எனக்கு அதிக வியப்பைத் தருகிறது.

படி 8: பின்னோக்கிப் போனது போதும், முன்னோக்கியும் வாருங்கள்

வேரைக் கண்டதும் பலர் நிறுத்திவிடுவார்கள். சொல் அதன் பிறகு எங்கே போனது என்பதும் பூர்வீகத்தில் பாதி.

1217 நவம்பர் 6-ஆம் தேதி, சிறுவரான மூன்றாம் ஹென்றியின் பெயரில் வனச் சாசனம் வெளியானது. அரசரின் மானைக் கொன்றதற்காக இனி யாரும் உயிரையோ உறுப்பையோ இழக்க வேண்டியதில்லை என்றது அது. முந்தைய அரசர்கள் அளவுக்கு மீறி ஃபாரஸ்ட் ஆக்கிய நிலங்களையும் விடுவித்தது. அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டாவுக்கு 'பெரிய சாசனம்' என்ற பெயர் நிலைத்தது, இந்தச் சிறிய சாசனத்திலிருந்து வேறுபடுத்திச் சொல்லத்தான். 1971 வரை வனச் சாசனத்தின் மிச்சம் இங்கிலாந்தின் சட்டப் புத்தகத்தில் இருந்தது. வேட்டைச் சட்டம் தளர்ந்தபோது, நிலத்தில் மிஞ்சியது மரங்கள். சொல்லும் மெல்ல மரங்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டது.

பழைய பொருள் அப்படியே கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. 1864-இல் டீட்ரிக் பிராண்டிஸ் வனங்களின் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார். 1865, 1878 சட்டங்களும் 1882-இன் மதராஸ் வனச் சட்டமும் வந்தன. அரசு அறிவிக்கும், உரிமை கோருகிறவர்களை அதிகாரி விசாரிப்பார், பிறகு ரிசர்வ் ஃபாரஸ்ட் என்று பிரகடனம் ஆகும். விறகு பொறுக்கிய ஊருக்கு அடுத்த நாள் அது குற்றம். மரத்தை எண்ணியதால் வந்த பெயர் இல்லை, அரசிதழில் அச்சானதால் வந்த பெயர். அந்தப் பெரியவர் காட்டிய கல், இந்த வழியில் நடப்பட்ட கல்.

1995-இல் நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் மரம் வெட்டப்படுவதைத் தடுக்கக் கோரி டி.என்.கோதவர்மன் திருமுல்பாட் உச்ச நீதிமன்றம் சென்றார். ஃபாரஸ்ட் என்றால் என்னவென்று 1927-இன் இந்திய வனச் சட்டத்திலும் விளக்கம் இல்லை, 1980-இன் வனப் பாதுகாப்புச் சட்டத்திலும் இல்லை. 1996 டிசம்பர் 12-ஆம் தேதி நீதிமன்றம் தந்த உத்தரவு, அந்தச் சொல்லை அகராதிப் பொருளில் புரிந்துகொள்ள வேண்டும் என்றது. அரசுப் பதிவேட்டில் ஃபாரஸ்ட் என்று இருக்கும் நிலத்தோடு, அகராதிப்படி காடாக இருக்கும் நிலமும் யாருக்குச் சொந்தமாக இருந்தாலும் பாதுகாப்புக்குள் வந்தது. சட்டத்தில் பிறந்து, அகராதியில் மரமாகிப் போன சொல், அகராதி வழியாகத் திரும்பச் சட்டத்துக்குள் நுழைந்திருக்கிறது. 2023-இல் அந்த 1980-ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டபோது எழுந்த சர்ச்சையின் மையத்திலும் இந்த ஒரு சொல்லின் எல்லைதான் இருந்தது.

அடுத்து நீங்கள்

இதே எட்டுப் படியை ஜங்கிள் என்ற சொல்லில் செய்து பாருங்கள். தொடங்குவதற்கு மட்டும் கொஞ்சம் கை கொடுக்கிறேன். ஆங்கில எழுத்தில் அது தெரியத் தொடங்குவது 1776-இல், இந்தியாவிலிருந்து போன சொல்லாக. இன்று ஜங்கிள் என்றதும் மழையில் நனைந்த அடர்ந்த காடு மனதில் வருகிறது. அதன் மூலமான சமஸ்கிருத 'ஜாங்கல'மோ மழை குறைந்த, மரம் அருகிய, மான் மேயும் வறண்ட திறந்த நிலம். ஆயுர்வேத நூல்களில் அதற்கு எதிர்ச்சொல் ஆனூபம், அதாவது நீர் தேங்கும் சதுப்பு நிலம். வறண்ட நிலம் எந்த இடத்தில், யார் வாயில், ஈரக் காடாக மாறியது? இந்தி வழக்கிலா, ஆங்கிலேயரின் நிலக் குறிப்புகளிலா? முதலில் ஒட்டாத இடங்களைப் பட்டியல் போடுங்கள். அப்புறம் அகராதியைத் திறங்கள்.